144 போதும் என்று சொன்னவருக்கு

பல் மருத்துவம் படிக்க விரும்பும் பிள்ளைகள் நீட் தேர்வுக்காக உயிரைக் கொடுத்துப் படிக்கத் தேவையில்லை, தகுதி மதிப்பெண்ணைத் தொட்டுவிட்டால் போதும், நாடு முழுக்க பிடிஎஸ் இடங்கள் காலியாகக் கிடக்கின்றன என்று ஓய்வுபெற்ற விரிவுரையாளர் ஒருவர் எழுதியிருக்கிறார். இயற்பியலைத் தொடவே வேண்டாம், அந்தக் கேள்விகளுக்கெல்லாம் ஒரே கட்டத்தைக் கறுப்பாக்கிவிட்டு வந்துவிடுங்கள் என்கிறார். லாங் டெர்ம் என்னும் ஓராண்டு மறுபயிற்சியில் சேர்வது வீண் செலவாம். வசதி உள்ளவர்கள் பத்தாம் வகுப்பு முடிந்ததும் பிள்ளையை நாமக்கல் பக்கத்து விடுதிப் பள்ளியில் போட்டுவிடலாமாம். எல்லாவற்றுக்கும் அடித்தளமாக ஒரு வரி: எம்பிபிஎஸ் கிடைக்காதவர்கள் எடுத்துக்கொள்ளும் படிப்புதானே அது, அதற்கு எதற்கு இவ்வளவு ஆர்ப்பாட்டம்?

இவர் யாரோ வழிப்போக்கர் என்றால் விட்டுவிடலாம். ஆந்திராவின் சந்திரகிரி, பாகாலா, புத்தூர், நகரி வட்டாரத்துத் தமிழ்க் குடும்பங்களில் இவருக்கு மரியாதை உண்டு. இவர் சொன்னால் கேட்கிறார்கள். கேட்டுவிட்டார்கள் என்பதுதான் என் கோபம். இங்கே மாலை நேரத்தில் பைபிசி என்னும் உயிரியல் பிரிவுப் பிள்ளைகளுக்கு விலங்கியல் சொல்லிக்கொடுக்கிறவன் நான். கட்டுரை வந்த வாரமே ஒரு தாய் வந்து நின்றார். "சார், பல்லுக்குப் போறதுன்னா 144 இருந்தா போதுமாமே? எங்க வீட்டுக்காரர் இனிமே டியூஷன் எதுக்குன்றாரு." அவர் மகளின் ரஃப் நோட்டை வாங்கிப் பார்த்தேன். மின்னோட்டவியலில் கிர்க்காஃப் விதிக்கு ஒரு சுற்று வரைந்து, இரண்டு மின்கலங்களைக் குறித்து, சமன்பாட்டின் இடப்பக்கத்தை எழுதியதோடு நிறுத்தியிருந்தாள். அதற்கு அடுத்த பக்கத்திலிருந்து தாவரவியல் மட்டும். உயிரியலில் கெட்டிக்காரி. ஒரு கட்டுரை அவளுடைய பேனாவைப் பாதிச் சமன்பாட்டில் நிறுத்தியிருக்கிறது.

144 என்ற எண்ணிலிருந்து தொடங்குகிறேன். 2025ல் பொதுப்பிரிவுக்கான தகுதி மதிப்பெண் அது. 720க்கு 144, அதாவது ஐந்தில் ஒரு பங்கு. இது யாரும் முன்கூட்டியே நிர்ணயித்து வைத்த தேர்ச்சி மதிப்பெண் கிடையாது. தேர்வு எழுதியவர்களை வரிசையாக நிற்க வைத்து, நடுவில் எந்த மதிப்பெண் விழுகிறது என்று பார்த்து எடுப்பது. வினாத்தாள் எளிதாக இருந்தால் ஏறும், கடினமாக இருந்தால் இறங்கும். 2022ல் 117. 2023ல் 137. 2024ல் 162. முந்தின ஆண்டின் 137ஐ இலக்காக வைத்துக்கொண்டு 2024ல் மண்டபத்துக்குள் போய், பத்து மதிப்பெண் கூடுதலாகவே எடுத்து 147 வாங்கிய பொதுப்பிரிவுப் பிள்ளை அந்த ஆண்டு தகுதியே பெறவில்லை. பிற்படுத்தப்பட்ட, பட்டியலினப் பிள்ளைகளுக்கும் இதே கதைதான்: 2023ல் 107, 2024ல் 127. நகர்ந்துகொண்டே இருக்கும் ஒரு கோட்டைக் காட்டி, அதில் போய் நில் என்று பிள்ளையிடம் சொல்வதற்கு வழிகாட்டல் என்று பெயர் வைக்க என்னால் முடியாது.

சரி, கோட்டைத் தொட்டாயிற்று என்றே வைத்துக்கொள்வோம். என்ன கிடைக்கும்? 2025ல் 22 லட்சத்து 9 ஆயிரம் பேர் எழுதினார்கள், 12 லட்சத்து 36 ஆயிரம் பேர் தகுதி பெற்றார்கள். அந்தப் பன்னிரண்டு லட்சத்தில் கடைசி ஆளாக நிற்கும் உரிமை கிடைக்கும். அங்கே நிற்கிற பிள்ளைக்கு விஜயவாடா அரசுப் பல் மருத்துவக் கல்லூரியும் கிடையாது, கடப்பா அரசுக் கல்லூரியும் கிடையாது. தனியார் கல்லூரியில் தரவரிசைப்படி குறைந்த கட்டணத்தில் சேரும் கன்வீனர் கோட்டாவும் எட்டாது. மிஞ்சுவது மேனேஜ்மென்ட் சீட். கன்வீனர் கோட்டாவில் கல்விக் கட்டணம் ஆயிரங்களில் முடியும், மேனேஜ்மென்ட் சீட்டில் லட்சங்களில் ஏறும், அதுவும் ஆண்டுதோறும். தகுதி மதிப்பெண் என்பது பணம் கட்ட அனுமதிக்கிற சீட்டு. சந்திரகிரியில் நிலக்கடலை போடுகிறவர், திருப்பதியில் ஆட்டோ ஓட்டுகிறவர், மலைக்குப் போகும் பக்தர்களை நம்பிச் சின்னக் கடை வைத்திருப்பவர், இவர்களுடைய பிள்ளைகளிடம் போய் "144 போதும்" என்று சொன்னால் அதன் பொருள், மீதியை உன் அப்பன் நிலத்தை விற்றுக் கட்டுவான் என்பதுதான். கட்டுரை முழுக்கத் தேடினேன். கட்டணம் பற்றி ஒரு வரி இல்லை. அந்த ஒரு வரியை எழுதியிருந்தால் மீதிக் கட்டுரை நின்றிருக்காது.

காலி இடங்களை அவர் பெரிய ஆதாரமாகக் காட்டுகிறார். உச்ச நீதிமன்றமே மதிப்பெண்ணைக் குறைத்துவிட்டதே என்கிறார். குறைத்தது உண்மை. ஹர்ஷித் அகர்வால் வழக்கு, தீர்ப்பு 2021 பிப்ரவரி 8, நீதிபதிகள் நாகேஸ்வர ராவும் கிருஷ்ண முராரியும். 2020-21 கல்வியாண்டில் முதலாண்டு பிடிஎஸ் இடங்களில் ஏறத்தாழ 7,000 நிரம்பவில்லை. தகுதி அளவைக் குறைக்கலாம் என்று பல் மருத்துவக் கவுன்சில் பரிந்துரைத்தது, மத்திய அரசு மறுத்தது, நீதிமன்றம் பத்துப் பெர்சன்டைல் குறைக்கச் சொன்னது. இதுவரை அவர் எழுதியது சரி. இதற்கு மேல் அவர் படிக்கவில்லை, அல்லது படித்துவிட்டு மறைத்தார். அந்த ஆண்டு தகுதி பெற்றவர்கள் 7 லட்சத்து 71 ஆயிரம் பேர். மருத்துவம், பல் மருத்துவம், ஆயுஷ் எல்லாவற்றையும் கூட்டினாலும் ஓர் இடத்துக்கு நாலரைப் பேர் இருக்கிறார்கள் என்று நீதிமன்றமே கணக்கிட்டது. அப்படியானால் அந்த 7,000 இடங்கள் ஏன் காலியாக இருந்தன? ஆள் இல்லாமலா? வரிசையில் நின்ற நாலரைப் பேரில் பலர் அந்தக் கட்டணத்தைக் கட்ட முடியாமல் விலகினார்கள். தனியார் பல் மருத்துவக் கல்லூரிகளின் கட்டணம் அதிகம் என்பதை மத்திய அரசே ஒரு காரணமாக நீதிமன்றத்தில் சொன்னது. கட்டணத்தைக் குறைப்பது பற்றி யோசியுங்கள் என்று அதே தீர்ப்பு அந்தக் கல்லூரிகளிடம் சொன்னது. காலி இடம் என்றால் எளிதில் கிடைக்கும் இடம் என்று நம் விரிவுரையாளர் படித்துக்கொள்கிறார். விலை கட்டுப்படியாகாமல் கிடக்கிற இடம் அது. அந்த இடத்துக்குப் போகத் தேவைப்படுவது பணம். படிப்பின் வழியாகப் போகக்கூடிய இடங்கள் எளிதில் காலியாக இருப்பதில்லை, கன்வீனர் கோட்டாவின் கடைசிச் சுற்று வரை அடிபிடிதான்.

தீர்ப்பு அந்த ஒரு கல்வியாண்டுக்கானது, பிப்ரவரி 18க்குள் சேர்க்கையை முடிக்க வேண்டும் என்று கெடு வைத்தது என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். அதை நிரந்தர விதி போல எழுதுவது தவறு.

அடுத்து இயற்பியல். 45 கேள்வி, 180 மதிப்பெண். தொடவே வேண்டாம் என்றால், தேர்வு மண்டபத்துக்குள் போகும் முன்பே பிள்ளையின் உச்ச வரம்பு 540 ஆகிவிடுகிறது. எல்லாவற்றுக்கும் ஒரே கட்டம் என்ற யோசனையையும் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நாலில் ஒன்று சரியாக வரும் என்றால் 45ல் 11 சரி, 44 மதிப்பெண். மீதி 34 தவறு, ஒவ்வொன்றுக்கும் ஒன்று கழியும். கையில் நிற்பது 10. அதே பிள்ளை அலகுகள், வெப்ப இயக்கவியல், மின்னோட்டம், குறைக்கடத்தி, கதிர் ஒளியியல் என்று கைக்கு அடக்கமான பாடங்களை மட்டும் ஒழுங்காகப் படித்து, தெரிந்த 15 கேள்விகளுக்கு மட்டும் விடை எழுதி, மீதியை விட்டுவிட்டு வந்தால் 60. இந்த 50 மதிப்பெண் வித்தியாசத்துக்குள் பல்லாயிரக்கணக்கான பிள்ளைகள் அடங்கிவிடுவார்கள்.

இவ்வளவு தப்பான யோசனை இவருக்கு எங்கிருந்து வந்தது என்று யோசித்தேன். எம்செட் என்ற பழைய மாநில நுழைவுத் தேர்விலிருந்து வந்தது. ஆந்திராவில் 2016 வரை மருத்துவத்துக்கும் பல் மருத்துவத்துக்கும் எம்செட்தான். 160 கேள்வி, 160 மதிப்பெண். தாவரவியல் 40, விலங்கியல் 40, இயற்பியல் 40, வேதியியல் 40. தவறான விடைக்கு மதிப்பெண் கழிப்பு கிடையாது. அதோடு இன்டர் (பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்பு) மதிப்பெண்ணுக்கு 25 சதவீத மதிப்பு. அந்தத் தேர்வில் தெரியாத கேள்வியை வெறுமையாக விடுவதுதான் முட்டாள்தனம், எதையாவது நிரப்பிவிட்டு வருவதே புத்திசாலித்தனம். இன்டரில் நல்ல மதிப்பெண் எடுத்த பிள்ளைக்கு இயற்பியலில் கொஞ்சம் சறுக்கினாலும் அந்த 25 சதவீதம் கைகொடுத்தது. 2017 முதல் இங்கே நீட். இன்டர் மதிப்பெண்ணுக்குத் தரவரிசையில் இடமே இல்லை, தவறுக்குத் தண்டனை உண்டு. செத்துப்போன ஒரு தேர்வின் சூத்திரத்தை, உயிரோடு இருக்கிற தேர்வை எழுதப்போகிற பிள்ளைகளுக்கு இவர் விற்கிறார். வகுப்பறையை விட்டுப் போனபின் தேர்வு மாறிவிட்டது என்பதைத் தெரிந்துகொள்வது வழிகாட்ட வருகிறவரின் முதல் கடமை.

பல் டாக்டருக்கு இயற்பியல், வேதியியல் எதற்கு என்ற கேள்வியை அவர் கேட்ட தொனி எனக்கு இன்னும் வலிக்கிறது. பிடிஎஸ் நான்கு ஆண்டு, மேலே ஓராண்டு பயிற்சி. முதலாண்டில் உடற்கூறியல், உடலியங்கியல், உயிர்வேதியியல் முழு உடம்புக்கும் படிக்கிறார்கள், பல்லுக்கு மட்டுமல்ல. இரண்டாம் ஆண்டில் நோயியல், நுண்ணுயிரியல், மருந்தியல், கூடவே பல் மருத்துவப் பொருள்கள் என்று தனிப் பாடம். அச்சு எடுக்கும் ஜிப்சம் மாவில் தண்ணீர் ஊற்றினால் கையில் சூடு தெரியும். நீர் குறைந்த கால்சியம் சல்பேட் மீண்டும் நீரை வாங்கிப் படிகமாகும்போது வெளிவரும் வெப்பம் அது. பல் நிறச் சிமெண்டை இறுக்குவது நீல ஒளி, சுமார் 470 நானோமீட்டர். நிரப்பிய பொருளும் பல்லும் சூடான காபிக்கு வெவ்வேறு அளவில் விரிந்தால் ஓரத்தில் இடைவெளி விழும், அதன் வழியே கிருமி இறங்கும். வெப்ப விரிவு இயற்பியல் இல்லாமல் வேறென்ன? சீழ் கட்டிய பல்லைப் பிடுங்கப் போகும்போது மரத்துப்போகும் ஊசி சரியாக வேலை செய்யாமல் நோயாளி துடிப்பதைப் பலரும் அனுபவித்திருப்பார்கள். வீங்கிய இடத்தில் அமிலத்தன்மை கூடிவிடுவதால், நரம்புக்குள் புகக்கூடிய வடிவத்தில் மருந்து குறைவாகவே இருக்கிறது. அயனிச் சமநிலை என்று பதினோராம் வகுப்பு வேதியியலில் பிள்ளைகள் வெறுக்கிற பாடம், அங்கே ஒரு மனிதனின் வலியாக வந்து நிற்கிறது. அதைப் புரிந்த மருத்துவர் ஊசியை எங்கே போடுவது என்று யோசிப்பார். புரியாதவர் இன்னொரு ஊசியைக் குத்துவார்.

இவர் சொன்னதில் ஒரே ஒரு இடத்தில் நியாயம் இருக்கிறது. பல் மருத்துவத்துக்கு ஆள் எடுக்கும் தேர்வில் பல்லைப் பற்றிய பாடமே இல்லை என்கிறார். உண்மை. பதினோராம் வகுப்பு உயிரியலில் செரித்தல் பாடத்தில்தான் பல் சூத்திரம் இருந்தது, 2024 நீட் பாடத்திட்டத்திலிருந்து அந்தப் பாடத்தையே எடுத்துவிட்டார்கள். ஃப்ளோரைடு எனாமலை எப்படிக் கடினமாக்குகிறது, அளவு மீறினால் பல்லை எப்படிப் பழுப்பாக்குகிறது என்று சொல்லிய சுற்றுச்சூழல் வேதியியலையும் எடுத்துவிட்டார்கள். எனக்கும் அதில் வருத்தம்தான். தேர்வைத் திருத்தச் சொல்லி எழுதட்டும், நானும் கையெழுத்துப் போடுகிறேன். தேர்வு குறையுள்ளது, ஆகவே நீ படிக்காதே என்று பிள்ளையிடம் சொல்வதில் என்ன நியாயம்? குறையுள்ள தேர்வானாலும் கடப்பாக் கல்லூரியின் கதவு அந்த ஒரு சாவிக்குத்தான் திறக்கிறது.

நாமக்கல் யோசனைதான் எல்லாவற்றிலும் ஆபத்தானது. எல்லையோரத் தமிழ்க் குடும்பங்களுக்கு இது இனிப்பாக இருக்கும். தமிழில் பேசுகிற ஊர், பெயர் வாங்கிய பள்ளி. ஆனால் ஆந்திராவில் 85 சதவீத இடம் உள்ளூர் மாணவர்களுக்கு. சந்திரகிரி ஸ்ரீ வெங்கடேஸ்வரா பல்கலைக்கழக வட்டாரத்தில் வருகிறது. உள்ளூர் என்று கணக்கில் வர, ஒன்பதாம் வகுப்பிலிருந்து இன்டர் இரண்டாம் ஆண்டு வரை தொடர்ச்சியாக நான்கு ஆண்டு இந்த வட்டாரத்தில் படித்திருக்க வேண்டும். கடைசி இரண்டு ஆண்டு நாமக்கல்லில் படித்த பிள்ளைக்கு அந்தத் தொடர்ச்சி அறுந்துபோகிறது. மீதி 15 சதவீதத்தில் போய் முட்டிமோத வேண்டியதுதான். அந்தப் பக்கம் தமிழ்நாடு சேர்த்துக்கொள்ளுமா? ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அங்கே படித்தாயா, இல்லையென்றால் பிறப்பிடச் சான்று எங்கே என்று கேட்கும். இரண்டு மாநிலத்திலும் சொந்தப் பிள்ளை இல்லாமல் போகும் நிலை இது. பக்கத்துத் தெலங்கானாவில் இதே நான்கு ஆண்டு விதியை எதிர்த்துப் போன வழக்கில், 2025 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் விதி செல்லும் என்றே தீர்ப்புச் சொன்னது. இவ்வளவும் தெரியாமல், பத்தாம் வகுப்புப் பிள்ளையின் பெற்றோரிடம் மாற்றுச் சான்றிதழ் வாங்கச் சொல்லியிருக்கிறார்.

லாங் டெர்ம் பற்றி அவர் எழுதியதில் ஒரு பகுதியை நான் மதிக்கிறேன். விடிகாலையில் எழுப்பி நள்ளிரவு வரை உட்கார வைக்கும் விடுதிகள், வாரத் தேர்வின் தரவரிசையைச் சுவரில் ஒட்டிப் பிள்ளையைக் கூனிக் குறுக வைக்கும் கொடுமை, அதில் உயிரையே விட்ட பிள்ளைகள். ஆந்திராவில் இதைப் பார்க்காதவர் இல்லை. அந்த விடுதிகளை எதிர்த்து அவர் எழுதினால் அவரோடு நான் நிற்பேன். ஆனால் 144 யோசனை பிள்ளையின் சுமையைக் குறைக்கவில்லை. பிள்ளை தலையிலிருந்து எடுத்துக் குடும்பத்தின் தலையில் கடனாக வைக்கிறது, ஐந்தாண்டு கழித்து அதே பிள்ளையின் தலைக்கே வட்டியோடு திரும்பி வருகிறது. வீட்டிலிருந்தே, ஒரு நல்ல ஆசிரியரின் துணையோடு, ஓராண்டு முறையாகப் படிப்பது நடக்கக்கூடியது. என்சிஇஆர்டி உயிரியல் இரண்டு புத்தகத்தையும் வரி வரியாகப் படித்து, 90 கேள்வியை 50 நிமிடத்துக்குள் முடிக்கப் பழகிய பிள்ளைக்கு வேதியியலுக்கும் இயற்பியலுக்கும் மூச்சு விட நேரம் கிடைக்கும். அந்த வழியை அவர் சொல்லியிருக்கலாம்.

கடைசியாக, எம்பிபிஎஸ் கிடைக்காதவர்களின் படிப்பு என்று அவர் எழுதிய அந்த வரி. 1937ல் அன்றைய சென்னை மாகாணத்தில், நமக்குப் பக்கத்து நெல்லூர் மாவட்டத்தில்தான் ஃப்ளோரைடு நோய் இந்தியாவில் முதன்முதலாகப் பதிவானது. பழுப்பேறிய பற்களும், வளைந்து இறுகிய முதுகெலும்புமாகக் கிணற்றுத் தண்ணீர் குடித்த ஊர்மக்கள். பல்லில் விழும் அந்தக் கறைதான் கண்ணுக்குத் தெரியும் முதல் எச்சரிக்கை, எலும்பு பின்னால்தான் சொல்லும். ஸ்ரீகாகுளம் கடற்கரையில் எரிகிற முனையை வாய்க்குள் வைத்துச் சுட்டா என்னும் சுருட்டைப் பிடிக்கும் பெண்களுக்கு அண்ணத்தில் புற்றுநோய் வருவது மருத்துவ நூல்களில் ஏறிய செய்தி. குட்கா மென்று வாய் திறக்க முடியாமல் போனவர்களை இந்த ஊர் மருத்துவமனை வாசலில் நானே பார்க்கிறேன். இவர்களின் வாயை முதலில் திறந்து பார்க்கப்போகிறவர், கன்னத்தின் உள்ளே ஒரு வெள்ளைத் திட்டைக் கண்டு இது சாதாரணமில்லை என்று சந்தேகப்படப் போகிறவர், பல் மருத்துவர்தான். அந்தச் சந்தேகம் வரும் அளவுக்குப் படித்தவர் அங்கே இருக்க வேண்டுமா, 144 போதும் என்று வளர்க்கப்பட்டவர் இருக்க வேண்டுமா என்பதை அவர் தன் வீட்டு நோயாளியை நினைத்துக்கொண்டு பதில் சொல்லட்டும்.

பிடிஎஸ் முடித்தவர்களுக்கு அரசு வேலை குறைவு என்பதும் நிஜம். ஆரம்ப சுகாதார நிலையங்களில் பல் மருத்துவர் பணியிடம் கேட்டுப் போராட வேண்டும். அது அரசிடம் கேட்க வேண்டிய கேள்வி. பிள்ளையின் புத்தகத்தை மூடுவதற்கான காரணமாக அதைப் பயன்படுத்த முடியாது.

அந்த விரிவுரையாளரிடம் நான் கேட்பது இதுதான். வரப்போகும் விண்ணப்பக் காலத்துக்கு முன்பே, கட்டுரை வந்த அதே பக்கத்தில், மூன்று விஷயங்களைத் திருத்தி எழுதுங்கள்: தவறான விடைக்கு மதிப்பெண் கழியும் என்பது, மேனேஜ்மென்ட் சீட்டின் ஓராண்டுக் கட்டணம் எவ்வளவு என்பது, நான்கு ஆண்டு உள்ளூர் விதி. மாற்றுச் சான்றிதழ் வாங்கி வைத்திருக்கும் குடும்பங்கள் இருந்தால் நேரில் போய்ச் சொல்லுங்கள், நானும் கூட வருகிறேன். அந்தப் பெண் கிர்க்காஃப் சமன்பாட்டின் வலப்பக்கத்தை எழுதி முடித்துவிட்டாள், இந்த வாரம் அடுத்த பகுதிக்குப் போகிறோம்.